கண்டுபிடிப்பும் அளவீடும்: மென்விசைப் போசோன்களின் உற்பத்தி பற்றிய எழுத்துக்கள் மீதான ஒரு விமர்சன நோக்கு

விஞ்ஞான வரலாறு பற்றி எழுதப்படும் நூல்களிலே கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் இடம் அளவீட்டுக்குக் கிடைப்பதில்லை. கண்டுபிடிப்புக்கு ஒரு நாள் உண்டு. ஒரு மேடை உண்டு. பரிசும் புகைப்படமும் உண்டு. அளவீடோ ஆண்டுக்கணக்காக நடைபெறுவது. அதன் பெறுபேறு பெரும்பாலும் ஓர் எண்ணும், அதன் அருகே கூட்டல் கழித்தற் குறியுடன் நிற்கும் இன்னோர் எண்ணுமே. இவ்வேறுபாடு எழுத்துச் சுவையை மாத்திரம் சார்ந்ததாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆயின், விஞ்ஞான அறிவு புறநிலை உண்மையைத் தழுவியதா, அன்றி ஒரு கூட்டத்தாரின் உடன்பாடு மாத்திரந்தானா என்ற வினாவுக்கு விடை தேடும்போது, கண்டுபிடிப்பை மட்டும் நோக்குபவர் ஒரு முடிவுக்கும் அளவீட்டை நோக்குபவர் வேறொரு முடிவுக்கும் வந்து சேர்கின்றனர். டபிள்யூ, ஸெட் எனப்படும் மென்விசைப் போசோன்கள் பற்றிய எழுத்துக்களை முன்வைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளைச் சுருக்கமாகக் கூறிக்கொள்வோம். கதிர்த்தொழிற்பாட்டின் ஒரு வகைக்குக் காரணமான மென்விசை, திணிவு மிக்க துணிக்கைகளின் பரிமாற்றத்தால் நிகழ்வது என்பது கிளாஷோ (1961), வைன்பேர்க் (1967), ஸலாம் (1968) ஆகியோரின் ஆய்வுகள் வழியே உருப்பெற்ற கொள்கை. 1971 இல் ற்ஹூஃப்ட் அதன் கணித ஒழுங்கை நிறுவிய பின்னரே அது பரவலான கவனத்தைப் பெற்றது. 1973 இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுகூடத்தின் கார்கமெல் குமிழியறைப் பரிசோதனை, மின்னேற்றம் மாறாத மென்விசை நிகழ்வுகளைக் காட்டிக் கொள்கைக்கு முதல் ஆதாரத்தை அளித்தது. எஞ்சியது துணிக்கைகளையே உண்டாக்கிப் பார்த்தல். 1976 இல் ருபியாவும் அவருடைய சகாக்களும் முன்வைத்த யோசனை, இருக்கின்ற ஆர்முடுக்கி ஒன்றிலே புரோத்தன்களையும் எதிர்ப்புரோத்தன்களையும் எதிரெதிராகச் செலுத்தி மோதவிடலாம் என்பதாகும். எதிர்ப்புரோத்தன்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் வழியைச் சைமன் வன் டெர் மீர் முன்னரே வகுத்திருந்தார். 1981 இல் மோதுகைகள் ஆரம்பமாயின. 1983 சனவரியில் டபிள்யூ போசோனும் அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஸெட் போசோனும் அறிவிக்கப்பட்டன. 1984 இன் நோபல் பரிசு ருபியாவுக்கும் வன் டெர் மீருக்கும் வழங்கப்பட்டது.

பாடநூல்களும் பிரபல விஞ்ஞான எழுத்துக்களும் இக்கதையை இவ்வளவோடு முடித்துக்கொள்கின்றன. மேதைகள் முன்னுரைத்தனர், இயந்திரம் ஆமென்றது என்பதே அவற்றின் சாரம். இவ்வகை எழுத்தின் குறை அதன் புகழ்ச்சித் தொனி மாத்திரமன்று. அது வாசகனை ஏமாற்றுகின்றது. டபிள்யூ போசோனை எவரும் கண்டிலர். தோன்றிய மாத்திரத்திலே, ஒரு வினாடியின் பத்தின் இருபத்துநான்காம் அடுக்கில் ஒரு பங்கு என்ற அளவான காலத்துள், அது சிதைந்துவிடுகின்றது. சிதைவிற் பிறக்கும் இலத்திரனை உணர்கருவி பதிவு செய்கின்றது. உடன்பிறந்த நியூத்திரினோவோ ஆயிரக்கணக்கான தொன் எடையுள்ள கருவியையும் தடையின்றிக் கடந்து சென்றுவிடுகின்றது. கற்றைக்குச் செங்குத்தான திசைகளில் எல்லாத் துணிக்கைகளின் உந்தங்களையும் கூட்டினாற் பூச்சியம் வருதல் வேண்டும். வாராவிடின், குறைகின்ற அளவு காணாமற்போன ஒன்றினுடையது. இலத்திரன் ஒருபுறம், குறைவு மறுபுறம் என்ற இந்த இணையே 1983 இன் ஆதாரம் முழுவதுமாகும்.

தமிழிலே அளவை என்னும் சொல் அளக்குங் கருவியையும் குறிக்கும். அறிவுக்கு வாயிலாகிய பிரமாணத்தையும் குறிக்கும். மணிமேகலையில் எண்ணப்படும் அளவைகளுள் அருத்தாபத்தியும் ஒன்று. பகலில் உண்ணாதவன் பருத்திருப்பானாயின் இரவில் உண்கின்றான் எனக் கொள்ளுதல் அதற்குத் தருக்க நூலார் காட்டும் வழக்கமான உதாரணம். நியூத்திரினோவைப் பற்றிய அறிவு இவ்வகையினது. நம் முன்னோர் போசோன்களை அறிந்திருந்தனர் என்று நிறுவ முற்படும் அன்பர்களுக்கு இதில் இடமில்லை. அருத்தாபத்தி எங்கே பிழைக்கும் என்பதே இங்கு முக்கியமானது. பருத்தவன் பகலிலே களவாக உண்டிருக்கவுங்கூடும். குறைகின்ற உந்தம் நியூத்திரினோவினுடையதாக இல்லாமல், கருவியின் இடைவெளி ஒன்றினூடே நழுவிய சாதாரணத் துணிக்கையினுடையதாகவும் இருக்கலாம். அத்தகைய களவுகள் எத்தனை நிகழக்கூடும் எனக் கணக்கிடுவதையே பௌதிகவியலாளர் பின்னணி மதிப்பீடு என்கின்றனர்.

பாடநூற் கதையின் மீது ஐயங்கொண்டு எழுதப்பட்ட நூல்களுள் இரண்டு இங்கு கவனத்திற்குரியன. ஒன்று அன்ட்ரூ பிக்கறிங் 1984 இல் வெளியிட்ட 'கன்ஸ்ட்ரக்ரிங் குவார்க்ஸ்'. துணிக்கைப் பௌதிகவியலின் சமூகவியல் வரலாறு எனத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இந்நூல், தரவுகள் கொள்கையைத் தாமாகவே வற்புறுத்துவதில்லை என்றும், எந்நிகழ்வைச் சான்றாகக் கொள்வது, எதனைப் பின்னணியெனத் தள்ளுவது என்ற தீர்ப்பிலே ஆய்வாளரின் தொழில் நலன்களும் அடுத்து என்ன செய்யலாம் என்ற எதிர்பார்ப்பும் பங்குகொள்கின்றன என்றும் வாதிடுகின்றது. மற்றையது பத்திரிகையாளரான கரி டோப்ஸ் 1986 இல் வெளியிட்ட 'நோபல் டிரீம்ஸ்'. ருபியாவையும் அவர் தலைமை தாங்கிய யூ.ஏ.1 குழுவினரையும் அருகிருந்து நோக்கி எழுதப்பட்ட நூல் அது.

பிக்கறிங்கின் வாதத்தை எளிதிற் புறக்கணித்தல் தகாது. முற்போக்காளர் சிலர் இந்நூல்வகையைக் கருத்துமுதல்வாதம் என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிட்டு அமைதியடைந்துள்ளனர். அறுபதுகளில் நியூத்திரன்களால் விளைந்த பின்னணி எனக் கருதப்பட்ட நிகழ்வுவகை, எழுபதுகளில் மாறிய நியமங்களின் கீழே கொள்கையின் சான்றாக ஏற்கப்பட்டது என்று அவர் காட்டுமிடம் வரலாற்றுண்மை. விஞ்ஞானியின் தீர்ப்பு வெற்றிடத்திலே நிகழ்வதில்லை என்பதை நாம் ஏற்றல் வேண்டும். ஏற்காமல் வேறெந்தத் துறைக்கும் சமூகவியல் நோக்கைப் பிரயோகிக்க எமக்கு உரிமை இல்லை. ஆயின் அவர் இதனோடு நிற்பதில்லை. உலகத்தைப் பற்றிய கண்ணோட்டம் ஒன்றை வகுத்துக்கொள்ளும் எவரும் இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானம் கூறுவதைக் கணக்கிலெடுக்கும் கடப்பாடு உடையவரல்லர் என்ற இடத்திற்கு நூல் வந்து முடிகின்றது. தீர்ப்பிலே சமூகம் பங்குகொள்கின்றது என்பதிலிருந்து, தீர்ப்பு சமூகத்தினுடையது மாத்திரமே என்பதற்கு அவர் தாவிவிடுகின்றார். இத்தாவலைச் சோதிப்பதற்கு டபிள்யூ போசோனின் வரலாற்றைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

முதலிற் பனுவல்களை நோக்குவோம். 1983 தொடக்கத்தில் யூ.ஏ.1 குழுவினர் வெளியிட்ட ஆய்வுரையின் தலைப்பிலே டபிள்யூ என்ற எழுத்தே இல்லை. குறுக்குத் திசையில் மிகுந்த சக்தியுடைய தனித்த இலத்திரன்களும், அவற்றுடன் காணப்படும் சக்திக் குறைவும் பரிசோதனையில் அவதானிக்கப்பட்டன என்ற பொருளிலேயே அத்தலைப்பு அமைந்துள்ளது. போட்டிக் குழுவாகிய யூ.ஏ.2 இன் ஆய்வுரைத் தலைப்பும் அத்தகையதே. மேடையிலே போசோன் என முழங்கியவர்கள் எழுத்திலே இலத்திரன் என அடங்கி நின்றனர். இலக்கிய விமர்சகன் இவ்வடக்கத்தைக் கண்டு மகிழ்ந்து, அறிவு நேர்மையின் அடையாளமெனப் பாராட்டிவிட்டு அகல விரும்புவான். ஆனால் 1984 இலே அதே குழுவினர் வேறிரு ஆய்வுரைகளை வெளியிட்டனர். ஒன்று தனித்த இலெப்தனும் இரு தாரைகளும் சேர்ந்து தோன்றும் நிகழ்வுகள் பற்றியது. மற்றையது பெருஞ் சக்திக் குறைவுடன் ஒற்றைத் தாரை தோன்றும் நிகழ்வுகள் பற்றியது. அவற்றின் தலைப்புக்களும் அதே அடக்கமுடையன. மேடைப் பேச்சிலே முதலாவது உச்சிக் குவார்க் ஆயிற்று. அதன் திணிவு 40 கிகா இலத்திரன் வோல்ற்று அளவினது எனப்பட்டது. இரண்டாவது புதிய பௌதிகவியலின் வாயிலெனப் பேசப்பட்டது.

இரண்டும் நிலைக்கவில்லை. உச்சிக் குவார்க் 1995 இலே சிக்காகோவிற்கு அண்மையிலுள்ள பேர்மி ஆய்வுகூடத்திற் காணப்பட்டபோது அதன் திணிவு 170 கிகா இலத்திரன் வோல்ற்றுக்கும் மேற்பட்டதாயிருந்தது. ஒற்றைத் தாரை நிகழ்வுகள், ஏற்கெனவே அறியப்பட்ட பல சிறு மூலங்களின் கூட்டினாலேயே விளங்கிவிட்டன. டபிள்யூ போசோன் தோ என்னும் பாரமான இலெப்தனாகவும் நியூத்திரினோவாகவும் சிதைவது அம்மூலங்களுள் ஒன்று. ஓராண்டுக்கு முன்னர் கண்டுபிடிப்பாக இருந்தது ஓராண்டுக்குப் பின்னர் பின்னணியாயிற்று.

இவ்விடத்திலேதான் இரு நூல்களும் எம்மைக் கைவிடுகின்றன. அதே ஆய்வுகூடம், அதே கருவி, அதே தலைவர். நோபல் பரிசுக்குப் பின்னர் முன்னைவிட மிகுந்த செல்வாக்கு. கொள்கையாளரின் வேட்கையும் குறைவாக இருக்கவில்லை. உச்சிக் குவார்க்கைக் கொள்கை வேண்டி நின்றது. ஒற்றைத் தாரைக்கு விளக்கந்தரச் சமச்சீர்மைக் கொள்கையினர் காத்திருந்தனர். உடன்பாட்டை உருவாக்கச் சமூக நிபந்தனைகள் போதுமாயின் 1984 இன் கூற்றுக்கள் 1983 இன் கூற்றைவிட உறுதியாக நின்றிருத்தல் வேண்டும். டோப்ஸ் இவ்வீழ்ச்சியைப் பேராசையின் விளைவாகக் காட்டுகின்றார். அவருடைய சித்திரிப்பிலே உயிர் உண்டு. ஆய்வுக் குழுவின் உட்பகைகளை இத்துணை நெருக்கமாக எழுதியோர் சிலரே. எனினும் நூலின் எடை முழுவதும் ஆளுமைகள் மீதே விழுகின்றது. பேராசை அவசரத்தை விளக்கும். அவசரமாகச் சொல்லப்பட்ட இரண்டிலே ஒன்று ஏன் நின்றது, மற்றையது ஏன் வீழ்ந்தது என்பதை விளக்காது. 1983 சனவரியின் அறிவிப்பும் போட்டியின் நெருக்கடியிலே, விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிகழ்வுகளைக் கொண்டு விடுக்கப்பட்டதே என்பதை மறத்தலாகாது.

வேறுபாடு பின்னணிக் கணக்கிலே இருந்தது. 1982 இன் இறுதியில் நடந்த பரிசோதனையிலே ஏறக்குறைய 100 கோடி மோதுகைகள் நிகழ்ந்தன. அவற்றுள் யூ.ஏ.1 தெரிந்தெடுத்தவை ஆறு, யூ.ஏ.2 தெரிந்தெடுத்தவை நான்கு. யூ.ஏ.1 குழுவினர் இரு வேறு வழிகளிலே தேடினர். ஒரு சாரார் தனித்த இலத்திரனைத் தேடினர். சக்திக் குறைவைப் பற்றிக் கவலைப்படவில்லை. மற்றச் சாரார் சக்திக் குறைவைத் தேடினர்; இலத்திரனை முன்னிபந்தனையாகக் கொள்ளவில்லை. இரு தேடல்களும் ஒரே நிகழ்வுகளில் வந்து முடிந்தன. இலத்திரனுடன் தாரையும் தோன்றிய நிகழ்வுகளிலே குறைவு காணப்படவில்லை. தாரையின்றித் தோன்றியவற்றிலே குறைவு இலத்திரனுக்கு நேரெதிராக, அதனுடைய அளவுக்கு நிகராக நின்றது. களவாக உண்ணும் வாய்ப்பு ஏறத்தாழ அடைக்கப்பட்டுவிட்டது. 1984 இன் நிகழ்வுகளுக்கு இத்தகைய இரட்டைக் காவல் இருக்கவில்லை. தாரைகள் நிறைந்த மோதுகைகளிலே சாதாரண மூலங்கள் பல; அவை ஒவ்வொன்றும் சிறிது, கூட்டிப் பார்த்தாற் போதியளவு. கூட்டிப் பார்க்கும் வேலை பின்னரே முறையாக நடைபெற்றது. பனுவலை மாத்திரம் வாசிப்பவனுக்கு, அவன் சமூகவியலாளனாயினும் இலக்கிய விமர்சகனாயினும், இவ்வேறுபாடு புலப்படாது.

எனினும் 1983 உடன் டபிள்யூ போசோனின் இருப்பு முற்றாக நிறுவப்பட்டுவிட்டதென்று கொள்ளுதலும் பொருந்தாது. பத்து நிகழ்வுகள் நம்பிக்கையைத் தரும். அதற்கு மேல் தாரா. அது எவ்வளவு அடிக்கடி உண்டாகின்றது, சக்தி கூடும்போது அவ்வீதம் எவ்வாறு கூடுகின்றது, முன்கூட்டிக் கணித்ததனோடு பொருந்துகின்றதா என்பவற்றை அளந்த பின்னரே அது பௌதிகவியலின் உறுதியான பொருளாயிற்று. அவ்வளவீடே உற்பத்திக் குறுக்குவெட்டு எனப்படுவது. கருத்தளவில் அது எளியது. நிகழ்வுகளை எண்ணுக, பின்னணியைக் கழிக்க, கருவி தவறவிட்டவற்றிற்கு ஈடுசெய்க, மோதுகைகளுக்குக் கிடைத்த மொத்த வாய்ப்பால் வகுக்க. விடை பார்ண் என்னும் பரப்பலகில் வரும். 546 கிகா இலத்திரன் வோல்ற்றிலே புரோத்தனும் எதிர்ப்புரோத்தனும் மோதுவதற்கான மொத்தக் குறுக்குவெட்டு ஏறக்குறைய 62 மில்லிபார்ண். டபிள்யூ உண்டாகி இலத்திரனாகச் சிதைவதற்கானது ஏறக்குறைய அரை நானோபார்ண். அதாவது 12 கோடி மோதுகைகளுக்கு ஒன்று. 100 கோடி மோதுகைகளுக்கு எட்டு அல்லது ஒன்பது எதிர்பார்க்கலாம். கருவி தவறவிடுவனவற்றைக் கழித்தால் யூ.ஏ.1 கண்டதற்கு அண்மையில் வந்து நிற்கின்றோம். இக்கணக்கை வாசகர் தாமே போட்டுப் பார்க்கலாம் என்பதே அதன் சிறப்பு.

வகுக்கும் எண்தான் கடினமானது. மோதுகைகளுக்குக் கிடைத்த வாய்ப்பை ஒளிர்வு என்ற பெயரால் வழங்குவர். கற்றைகளில் எத்தனை புரோத்தன்கள் உள்ளன என்பதை மின்னோட்டத்தால் அறியலாம். அவை சந்திக்குமிடத்திலே கற்றைகளின் பருமன் என்ன? தலைமயிரிலும் மெல்லிய கற்றையினுள்ளே எந்த அளவுகோலை வைப்பது? 1968 இலே வன் டெர் மீர் செர்ன் ஆய்வுகூடத்தின் வேறொரு மோதுகை வளையத்தின் பொருட்டு ஒரு வழியைக் கூறினார். ஒரு கற்றையை மற்றையதன் குறுக்காகச் சிறிது சிறிதாக நகர்த்துக. நகர்த்த நகர்த்த மோதுகை வீதம் எவ்வாறு குறைகின்றதென எண்ணுக. அவ்வளைகோட்டின் அகலமே கற்றைகளின் பருமனைச் சொல்லும். வியாபாரி தன் படிக்கல்லையே நிறுத்துப் பார்ப்பதற்கு ஒப்பான செயல் இது. நோபல் பரிசு வரலாற்றிலே வன் டெர் மீரின் பெயர் எதிர்ப்புரோத்தன்களோடு மாத்திரம் சேர்த்துப் பேசப்படுகின்றது. இன்றுவரை ஆர்முடுக்கிகளிலே ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படுவது அவருடைய இந்த நகர்த்தற் பரிசோதனையே. விஞ்ஞான வரலாற்று நூல்கள் இத்தகைய உழைப்புக்கு இடந்தராதது தற்செயலன்று. நாயகர்களைத் தேடுவோருக்கும் சரி, நாயகர்களைக் குலைக்கத் தேடுவோருக்கும் சரி, படிக்கல் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை.

அரை நானோபார்ணில் தொடங்கிய அவ்வெண் பின்னர் எவ்வாறு சென்றது என்பதைப் பார்ப்போம். பேர்மி ஆய்வுகூடத்தின் தெவற்றோனிலே, ஏறக்குறைய 2 தெரா இலத்திரன் வோல்ற்றில், அது இரண்டு நானோபார்ணைக் கடந்தது. செர்னின் 27 கிலோமீற்றர் வளையத்திலே புரோத்தனும் புரோத்தனும் 7 தெரா இலத்திரன் வோல்ற்றில் மோதியபோது பத்து நானோபார்ண் அளவாயிற்று. 13 இல் ஏறக்குறைய இருபது. இவ்வேற்றம் மும்முறையும் முன்கூட்டிக் கணிக்கப்பட்ட வரையிலே சென்றது. கணிப்பு ஒரு கொள்கையிலிருந்து மாத்திரம் பிறந்ததன்று. புரோத்தனின் உள்ளே குவார்க்குகள் எவ்வாறு பரவியுள்ளன என்பதை வேறு ஆய்வுகூடங்களிலே இலத்திரன்களையும் நியூத்திரினோக்களையும் கொண்டு அளந்தவர்களின் பெறுபேறுகள் அதனுள் அடங்கியுள்ளன. டபிள்யூவைப் பற்றி எண்ணாமலே அளந்தவர்கள் அவர்களுட் பலர். எதிர்ப்புரோத்தன் இருந்தவரை நேரேற்ற டபிள்யூவும் எதிரேற்ற டபிள்யூவும் சம அளவில் உண்டாயின. புரோத்தன்கள் மாத்திரம் மோதும்போது நேரேற்றமுடையவை மிகுதி. அற்லஸ் குழுவினர் 13 தெரா இலத்திரன் வோல்ற்றில் அளந்தபடி முறையே 11.83, 8.79 நானோபார்ண். புரோத்தனுள்ளே மேற்குவார்க் இரண்டும் கீழ்க்குவார்க் ஒன்றும் இருப்பதன் நேர் விளைவு இது. சமூக உடன்பாட்டால் இவ்விகிதம் விளைந்தது என்று சொல்ல எவராவது முன்வருவராயின், எச்சமூகம், எந்த உடன்பாடு என்று கேட்க வேண்டியிருக்கும்.

இவ்விடத்து இன்னொரு நடைமுறையையும் சுட்டுதல் தகும். உணர்கருவியின் எல்லைக்கு அப்பால், கற்றைக் குழாயை ஒட்டிச் செல்லும் துணிக்கைகளை எவரும் பதிவு செய்ய முடியாது. மொத்த உற்பத்தியைக் கூற வேண்டின் அப்பகுதியைக் கொள்கையின் துணைகொண்டு நிரப்புதல் வேண்டும். ஆகவே இன்றைய ஆய்வுரைகள் இரு எண்களைத் தருகின்றன: கருவியின் எல்லைக்குள் அளந்தது ஒன்று, கொள்கையால் விரித்துக் கூறியது மற்றொன்று. வழுக்களும் பிரித்தே தரப்படுகின்றன: எண்ணிக்கைச் சிறுமையால் வருவது, கருவியையும் முறையையும் பற்றிய அறியாமையால் வருவது, ஒளிர்விலிருந்து வருவது என. அவதானமும் கொள்கையும் பிரிக்கமுடியாதவாறு பின்னியுள்ளன என்பது பிக்கறிங் வழிவந்தோரின் வாதம். பின்னல் உண்மை. ஆனால் எந்த இழை எவ்வளவு என்பதைத் தொழில் செய்வோரே அட்டவணையிட்டு வைத்திருக்கின்றனர். 7 தெரா இலத்திரன் வோல்ற்றுத் தரவுகளைக் கொண்டு அற்லஸ் 2017 இல் வெளியிட்ட ஆய்விலே ஒளிர்வின் வழு 1.8 வீதம், ஏனைய பரிசோதனை வழுக்கள் யாவும் சேர்ந்தும் ஒரு வீதத்திற்குக் குறைவு. அந்நுட்பத்திலேதான் புரோத்தனுள்ளே விசித்திரக் குவார்க்குகள் பொதுவாக எண்ணியதைவிட அதிகம் என்ற எதிர்பாராத செய்தி வெளிப்பட்டது.

பிக்கறிங்குக்கு நியாயஞ் செய்ய வேண்டின் ஒன்றைக் கூறுதல் வேண்டும். 1995 இல் வெளிவந்த தமது 'த மாங்கிள் ஒவ் பிராக்டிஸ்' என்னும் நூலிலே சடப்பொருள் காட்டும் எதிர்ப்புக்கு அவர் மைய இடம் அளித்தார். முன்னைய நூலிலே அந்த எதிர்ப்பு ஏறத்தாழ மௌனமாகவே இருந்தது. பின்னையதைப் படியாமல் முன்னையதை மட்டும் மேற்கோள் காட்டுவோரே எம்மிடையிலும் அதிகம்.

அப்படியாயின் சமூகத்திற்கு இங்கு இடமில்லையா? உண்டு, அதன் இடத்தைச் சரியாகக் குறித்தல் வேண்டும். டபிள்யூவை எந்த நாட்டில், எந்த ஆண்டில் தேடுவதென்பதை ஐரோப்பிய, அமெரிக்க அரசுகளின் போட்டி தீர்மானித்தது. ஸெட் போசோன் அறிவிக்கப்பட்டதும் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று ஆசிரியத் தலையங்கத்திலே உதைபந்தாட்டப் புள்ளிகளைப்போல இரு கண்டங்களின் வெற்றிகளை எண்ணியது. அடுத்த மாதமே புறூக்ஹேவனில் அரைகுறையாகக் கட்டப்பட்டிருந்த இசபெல் ஆர்முடுக்கி கைவிடப்பட்டது. ஜங்கில் பிறந்த அப்துஸ் ஸலாம் இக்கொள்கையின் பங்காளியாகலாம். ஆனால் அதனை அளக்கும் இயந்திரத்தை லாகூரிலோ டாக்காவிலோ கட்டியிருக்க முடியாது. போசோன் என்ற பெயருக்கு உரியவரான சத்தியேந்திரநாத் போஸ் 1924 இல் டாக்காவிலிருந்தே தமது ஆய்வை எழுதினார் என்பதை நினைக்கும்போது இந்த இடைவெளியின் ஆழம் புலப்படும். ஆகவே எதனை அளப்பது, யார் அளப்பது, எப்போது அளப்பது என்பவை சமூகத்தால் ஆனவை. வழுவின் அகலமும் பெருமளவுக்கு அப்படியே. பணமும் ஆளணியும் காலமும் கூடக்கூட அது ஒடுங்கும். அவ்வகலத்தின் நடுவே நிற்கும் எண்ணை மாத்திரம் எந்த அரசும் பேரம்பேசி மாற்றியதில்லை.

இதனை அண்மைய நிகழ்வொன்று கடுமையாகச் சோதித்துள்ளது. தெவற்றோன் 2011 இல் நிறுத்தப்பட்டபின் அதன் தரவுகளைப் பத்தாண்டுகள் ஆராய்ந்த சீ.டி.எப் குழுவினர், ஏறக்குறைய 40 இலட்சம் டபிள்யூ நிகழ்வுகளிலிருந்து அதன் திணிவைக் கணித்து 2022 ஏப்ரிலில் வெளியிட்டனர். 80,433.5 மெகா இலத்திரன் வோல்ற்று; வழு 9.4. நியமக் கொள்கை வேண்டுவது 80,357. அதன் வழு 6. இடைவெளி ஏழு நியம விலகல்களுக்கு அண்மையது. தமது விருப்பம் ஆய்விற் புகாதிருக்க, தமக்கே தெரியாத ஓர் எண்ணைக் கூட்டி மறைத்துவைத்து, எல்லாம் முடிந்த பின்னரே அதனை நீக்கிப் பார்த்தனர். கொள்கையாளர் மகிழ்ந்தனர், சில மாதங்களுக்குள்ளே விளக்கந்தரும் ஆய்வுரைகள் பெருந்தொகையாக வெளிவந்தன. அற்லஸ் தனது முன்னைய அளவீட்டை மீண்டும் செம்மைப்படுத்தியபோது கொள்கையின் பக்கமே நின்றது. 2024 செப்ரெம்பரில் சீ.எம்.எஸ் குழுவினர் 10 கோடிக்கும் மேற்பட்ட டபிள்யூ நிகழ்வுகளைக் கொண்டு 80,360.2 என அறிவித்தனர், வழு 9.9. ஏறத்தாழ ஒரே நுட்பமுடைய இரு அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன.

கொள்கையின் ஆதிக்கமே எண்களை நிர்ணயிக்கும் என்போர் சீ.டி.எப் இன் எண்ணை விளக்க முடியாது. புதுமை வேட்கையே நிர்ணயிக்கும் என்போர் அவ்வெண் ஏன் ஏற்கப்படவில்லை என்பதை விளக்க முடியாது. பொருள்முதல்வாத நிலை நிற்போரும் இங்கு அவசரப்பட்டு வெற்றி கொண்டாடுதல் ஆகாது. சீ.டி.எப் குழுவினர் தமது பெறுபேற்றைத் திரும்பப் பெறவில்லை. பிழை இன்ன இடத்தது என எவரும் இதுவரை சுட்டிக்காட்டி நிறுவவுமில்லை. விசாரணை எத்திசையிற் செல்கின்றது என்பதே கவனிக்கத்தக்கது. திணிவைக் கணிப்பதற்கு டபிள்யூ எவ்வாறு உண்டாகின்றது என்ற அறிவு வேண்டும்: பிறக்கும்போது குறுக்குத் திசையில் எவ்வளவு உந்தத்துடன் பிறக்கின்றது, எக்குவார்க்குகளிலிருந்து எவ்விகிதத்தில் பிறக்கின்றது, எவ்வாறு சுழன்று பிறக்கின்றது. இவற்றிலே ஏற்படும் சிறு மாற்றமும் திணிவைப் பல மெகா இலத்திரன் வோல்ற்று நகர்த்தவல்லது. இரு ஆர்முடுக்கிகளின் குழுவினரும் ஒன்றுகூடி, பழைய அளவீடுகளை ஒரே உற்பத்தி மாதிரியின் மேல் வைத்து மீளக் கணித்தனர். அவ்வாறு செய்தபின்னரும் வேறுபாடு நீங்கவில்லை. உற்பத்தி மாதிரி மாத்திரம் அதற்குக் காரணமன்று என்பது அதனாற் பெறப்பட்டது.

செர்ன் 2014 முதல் தனது மோதுகைத் தரவுகளின் ஒரு பகுதியைப் பொதுவிலே திறந்து வைத்துள்ளது. சீ.எம்.எஸ் 2016 இல் திரட்டிய தரவுகளின் ஒரு பகுதியும் அவற்றோடு 2024 இற் சேர்க்கப்பட்டது. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள பௌதிகவியல் மாணவர் ஒருவர், கணினியும் பொறுமையும் இருப்பின், இரு மியூவோன்களாகச் சிதைந்த ஸெட் போசோன்களைத் தாமே எண்ணி, 91 கிகா இலத்திரன் வோல்ற்றிலே எழும் முகட்டை வரைந்து, பின்னணியைக் கழித்துப் பார்க்க இயலும். ஒளிர்வை மாத்திரம் அவர் பிறர் சொல்லக் கேட்டே கொள்ளுதல் வேண்டும். கற்றைகளை நகர்த்தும் வாய்ப்பு ஜெனீவாவில் உள்ளவர்களிடமே இருக்கின்றது.